127-ஆம் எண் அணிந்து ஓடிய மாணவி குறித்து

பதிவு செய்த நாள்: 20 ஏப்ரல் 2026, திங்கட்கிழமை. தொடங்கிய நேரம்: பிற்பகல் 3.10.
பதிவு செய்தவர்: இன்ஸ்பெக்டர் யோகேஸ்வரன்.
பெயர்: குணசுந்தரி, அப்பளசாமியின் மகள். வயது: 46. தொழில்: இடைநிலைப்பள்ளி ஆசிரியை. முகவரி: 31-ஆம் எண் வீடு, கடைத்தெருவுக்குப் பின்புறம் உள்ள தாமான் குடியிருப்பு, திகாம் பத்து, கெடா.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடனும் ஒரே மகனுடனும் வசித்து வருகிறேன். இருபத்தொரு ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். இப்போது வேலை செய்யும் பள்ளியில் இது ஒன்பதாம் ஆண்டு. அங்கே தமிழும் வரலாறும் போதிக்கிறேன். பள்ளியின் பெயரை அதிகாரி வேறொரு தாளில் குறித்துக்கொண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் அந்தப் பள்ளியில் தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் நான் ஒருத்திதான். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

இந்த வழக்கில் நான் 14 ஏப்ரல் அன்று ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில், பள்ளியின் நெடுந்தூர ஓட்டமான குறுக்கோட்டத்தின்போது எந்த மாணவராவது வெளியான வினாத்தாளைப் பற்றி என்னிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்கப்பட்டதற்கு, இல்லை என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் தவறு. அதைத் திருத்துவதற்காக இன்று வந்திருக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. யாரும் அனுப்பவும் இல்லை.

மூன்றாம் படிவ வகுப்பு மாணவி கலைமகள், பொதுச் சோதனையின் தமிழ்க் கேள்விகளைத் தெரிந்தே மறைத்து வைத்துப் பரப்பினாள் என்ற சந்தேகத்தில், கடந்த திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டு வீட்டில் இருக்கிறாள். தமிழுக்கான மறுசோதனை வரும் வியாழன், 23 ஏப்ரல், காலை எட்டு மணிக்கு நடக்கிறது. எழுதுவோர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இந்தச் சோதனையின் மதிப்பெண்ணை வைத்துத்தான் நான்காம் படிவத்துக்கு விடுதிப் பள்ளியில் இடம் தருகிறார்கள். ஒரு பாடத்தில் மதிப்பெண் இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தைப் பார்க்கமாட்டார்கள்.

முதல் வாக்குமூலத்தை மலாயில் கொடுத்தேன். இம்முறை தமிழில் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். அந்த மாணவி என்னிடம் பேசியது தமிழில், நான் பதில் சொன்னதும் தமிழில். அவற்றை மொழிபெயர்த்துச் சொன்னால் நானே இன்னும் குழம்பிவிடுவேன் என்று தோன்றியது.

நடந்தவை வருமாறு.

ஏப்ரல் 8, புதன்கிழமை. மூன்றாம் படிவ மாணவர்களுக்கு மாவட்டம் முழுவதும் ஒரே நாளில் நடக்கும் பொதுச் சோதனை அடுத்த ஞாயிறு தொடங்கவிருந்தது. தமிழ்த் தாளை எங்கள் சோதனை நிலையத்தில் நாற்பது பேர் எழுதவிருந்தார்கள். வினாத்தாள் கணினியில் வரும்; பள்ளியிலேயே அச்சிட வேண்டும். சோதனைச் செயலாளரான மலாய்க்கார ஆசிரியை சிக்கு ரோஹானா பகல் பன்னிரண்டரை மணிக்கு என்னைப் பாதுகாப்பு அறைக்கு அழைத்தார். நான் போனபோது நாற்பது படிகளும் ஒரு பக்கம் மட்டும் அச்சாகி, எட்டுப் பக்கங்களாக, மேசையில் இருந்தன. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படியும், தமக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே தெரிவதாகவும் அவர் மலாயில் சொன்னார். நான் பார்த்தபோது ஐந்தாம் பக்கத்தில் மட்டும் எழுத்துகள் பிரிந்து கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகக் கிடந்தன. மற்ற ஏழு பக்கங்களிலும் குறையில்லை. அதன் பிறகு கணினியில் எழுத்துருவைச் சரிசெய்து நாற்பது படிகளையும் புதிதாக, இம்முறை இருபுறமும், அச்சிட்டோம். அது முடியும்போது மணி இரண்டே கால் ஆகிவிட்டது. நல்ல படிகளை எண்ணி உறையிலிட்டு முத்திரை வைத்தோம். நானும் கையெழுத்திட்டேன்.

வீணான தாள்கள் முந்நூற்று இருபது. அவற்றைத் துண்டாக்கும் இயந்திரத்தில் போட வேண்டும் என்பது விதி. இயந்திரம் அன்று சூடேறி நின்றுவிட்டது. சிக்கு ரோஹானாவுக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவர் பேசிக்கொண்டே, பெட்டியில் வைத்துவிடு, நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று கையால் காட்டினார். நான் கட்டைத் தூக்கி ஒரு பெட்டியில் வைத்தேன்.

எந்தப் பெட்டி என்று அதிகாரி கேட்டார். போன முறையும் கேட்டார்கள். துண்டாக்க வேண்டிய தாள்களுக்கான பெட்டி பாதுகாப்பு அறைக்குள், இயந்திரத்துக்கு அருகில் இருக்கிறது. மறுபடி பயன்படுத்தும் தாள்களுக்கான பெட்டி அறைக்கு வெளியே, நகலெடுக்கும் இயந்திரத்துக்கு அருகில் இருக்கிறது. இரண்டும் ஏ4 தாள் வந்த அட்டைப் பெட்டிகள்தான். நான் குனிந்தது நினைவிருக்கிறது. குனியும்போது இடது முழங்கால் வலித்ததும் நினைவிருக்கிறது. கதவைத் தாண்டினேனா இல்லையா என்பது நினைவில்லை. இந்த ஒரு வாரமாக எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒருமுறை உள்ளே குனிகிறேன், மறுமுறை வெளியே குனிகிறேன். முழங்கால் மட்டும் இரண்டிலும் வலிக்கிறது. ஆகவே இதற்குத் தெரியாது என்பதே என் பதில்.

வெளியே உள்ள பெட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் தமிழ் எழுத்து உள்ள தாள் கிடந்தால் அது என்னுடைய பழைய பயிற்சித்தாள் என்று பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது ஆண்டுகளாக நான்தான் ஒரு பக்கம் அச்சிட்ட தாள்களை அதில் போட்டு வருகிறேன். கணிதத் தாள் கிடந்தால் யாருடையது என்று கேட்பார்கள். தமிழ்த் தாள் கிடந்தால் கேட்பதில்லை. எடுத்துப் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள். சிற்றுண்டிச்சாலையில் பணியாரம் மடித்துத் தருவதுகூடச் சில நாள் என் இலக்கணப் பயிற்சியில்தான்.

அன்று மாலை நான்கு மணியளவில் நான் காரில் ஏறும்போது உடற்கல்வி ஆசிரியர் சத்தியசீலன் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். மறுநாள் குறுக்கோட்டம். ஒன்று முதல் மூன்று வரையிலான கீழ்ப்படிவ மாணவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஓடவிருந்தார்கள். முதுகில் குத்தும் எண் அட்டைகள் கடையிலிருந்து வந்து சேரவில்லை.

"அக்கா, உங்க தமிழ்த் தாளு ஒரு கட்டு பெட்டியில கிடக்கு. பின்பக்கம் சுத்தமா இருக்கு. நம்பர் எழுத எடுத்துக்கவா?" என்று கேட்டார்.

"எடுத்துக்க தம்பி. மிச்சத்த எடுத்த எடத்திலேயே வச்சுரு" என்றேன்.

"மிச்சம் எங்க லா வரப்போவுது, முந்நூறு பேருக்கு மேல இருக்கானுங்க" என்று சிரித்தார்.

சத்தியசீலனும் தமிழர்தான். வீட்டில் தமிழ் பேசுகிறவர். ஆனால் தொடக்கத்திலிருந்தே மலாய்ப் பள்ளியில் படித்ததால் அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நம் எழுத்து முறுக்குப் பிழிந்ததுபோல இருக்கிறது என்று அவரே என்னிடம் சொல்வார். அந்தக் கட்டில் என்ன அச்சாகியிருந்தது என்று அவர் அறிந்திருக்க முடியாது. அனுமதி கொடுத்தது நான். மேலே ஏறிப்போய்ப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழக்கிழமை. வெயிலின் காரணமாக ஓட்டத்தைக் காலை ஏழரைக்கே தொடங்கினார்கள். பாதை பள்ளியின் பின் வாசலில் தொடங்கி, கால்வாய் ஓரமாகப் போய், எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் திரும்பி, மறுபடி பள்ளித் திடலுக்கு வரும். மூன்று சோதனைச் சாவடிகள். மூன்றாவது சாவடி என் பொறுப்பு. அது தோட்டத்து லாரி திரும்பும் இடத்தில் உள்ள மதகின் அருகில். அந்தச் சாவடியைக் கடந்ததற்கு அடையாளமாக ஒவ்வொருவருக்கும் ஒரு பச்சை ரப்பர் வளையம் கொடுக்க வேண்டும். என்னுடன் முதலுதவிக்கான செம்பிறைச் சங்க மாணவிகள் இருவர் தண்ணீருடன் இருந்தார்கள். ஓடி முடிக்கும் ஒவ்வொருவருக்கும், பாடத்துக்கு வெளியிலான நடவடிக்கைகளுக்குத் தரும் புறப்பாடப் புள்ளி உண்டு. நேரத்துக்குள் முடிக்காவிட்டால் புள்ளி குறையும்.

எட்டு மணிக்குச் சற்று முன்பு பையன்கள் வரத் தொடங்கினார்கள். எண்கள் வெளிப்பக்கம் தெரியும்படி குத்தப்பட்டிருந்தன; அச்சு சட்டையைப் பார்த்திருந்தது. அவர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது, வியர்வையில் நனைந்த தாள்களில் எண்ணுக்குப் பின்னால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறித் தெரிந்தன. அவை தமிழ் எழுத்துகள் என்று எனக்குத் தெரிந்தது. என் பயிற்சித்தாள்கள் ஓடுகின்றன என்று நினைத்தேன். கொஞ்சம் சிரித்தேன் என்றும் நினைக்கிறேன்.

அதன் பிறகு மாணவிகள் வந்தார்கள். எட்டு இருபது அல்லது எட்டு இருபத்தைந்து இருக்கும். முதலாம் படிவப் பையன் ஒருவன் மதகின் மேல் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். செம்பிறைச் சங்க மாணவிகளில் ஒருத்தி அவனைப் பிடித்துக்கொண்டாள். மற்றவள் தண்ணீர் எடுக்க ஓடினாள். நான் ஒரு கையால் ரப்பர் வளையங்களைக் கொடுத்துக்கொண்டே அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு மாணவி ஓடி வந்து நின்றாள். அவள் முதுகில் இருந்த தாளின் மேல் இரண்டு ஊக்குகளும் கழன்று தாள் மடிந்து தொங்கியது. அவள் அதைப் பிய்த்துக் கையில் எடுத்து என் முன் நீட்டி, "டீச்சர், இதுல சோதனைக் கேள்வி மாதிரி இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

நான், "அதெல்லாம் பழைய தாளு. நின்னுக்கிட்டு இருக்காத, புள்ளி போயிரும். ஓடு, ஓடு" என்றேன்.

அதன் பிறகு நானே தாளை வாங்கி, அவளைத் திரும்பச் சொல்லி, அச்சு உள்பக்கம் இருக்கும்படி முதுகில் குத்திவிட்டேன். அவளுக்கு ரப்பர் வளையம் கொடுத்தேன். இரண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன போலிருக்கிறது. அவள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

தாளைக் கையில் வாங்கியபோது வாசித்தீர்களா என்று அதிகாரி கேட்டார். வாசித்ததாக நினைவில்லை. என் மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. ஆனால் பெரிய எழுத்தில் உள்ள தலைப்புகள் எனக்குக் கண்ணாடி இல்லாமலும் தெரியும். அந்தத் தாள் ஏழாம் பக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஏழாம் பக்கத்தின் தலையில் 'கட்டுரை' என்று தடித்த எழுத்தில் இருக்கும். அந்தச் சொல்லை மதகருகில் பார்த்தேனா, அல்லது முந்தைய நாள் மேசையில் பார்த்ததை இப்போது மதகருகில் கொண்டுபோய் வைக்கிறேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தெரியாது என்றே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வாந்தி எடுத்த பையனை ஒன்பது மணிக்கு என் காரில் கிளினிக்குக் கொண்டு போனேன். அவனுடைய தந்தை வரும்வரை இருந்துவிட்டு அங்கிருந்தே வீட்டுக்குப் போனேன். மதியம் சாப்பிடும்போது, இத்தனை பேரில் ஒரே ஒரு பிள்ளை கூடுதல் ரப்பரைத் திருப்பிக் கொடுத்தது என்று என் கணவரிடம் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. அப்போது எனக்கு அது யார் என்று தெரிந்திருந்ததா என்பதும் எனக்கு இப்போது உறுதியில்லை.

வெள்ளியும் சனியும் விடுமுறை. சனிக்கிழமை மாலை, பெற்றோர்கள் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஏழாம் பக்கத்தின் படம் வந்திருக்கிறது. நான் அந்தக் குழுவில் இல்லை. தலைமையாசிரியருக்கு அது ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் தமிழ்த் தாள் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. படத்தில் அச்சுக்குப் பின்னாலிருந்து 127 என்ற எண் மார்க்கர் மையில் இடம்வலம் மாறி ஊறித் தெரிந்தது. 127 கலைமகளின் எண். அதன் பிறகு உடற்கல்வி அறையில் சாக்கில் கட்டியிருந்த எண் தாள்களைத் தரையில் பரப்பி எண்ணினார்கள். முந்நூற்றுப் பதினொன்று இருந்தன; எண் எழுதாமல் மீந்த எட்டும் அங்கேயே கிடந்தன. எல்லாமே வினாத்தாளின் பக்கங்கள். சிக்கு ரோஹானா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இல்லாதது 127 மட்டும்.

ஏப்ரல் 13, திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் அறையில் விசாரணை நடந்தது. தலைமையாசிரியர், கட்டொழுங்கு ஆசிரியர், சிக்கு ரோஹானா, நான் ஆகிய நால்வர் இருந்தோம். கலைமகள் நின்றாள். தாள் எங்கே என்று கேட்டதும் பென்சில் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். நான்காக மடித்திருந்தது. ஏன் திடலில் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்டார்கள். ஒரு டீச்சரிடம் கொடுப்பதற்காக வைத்திருந்ததாகச் சொன்னாள். படம் எடுத்தது யார் என்று கேட்டார்கள். தெரியாது, வெள்ளிக்கிழமை டியூஷனில் பென்சில் பெட்டி திறந்தே இருந்தது என்றாள். வினாத்தாள் என்று தெரிந்ததும் ஏன் ஆசிரியர் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார்கள். சொன்னேன் என்றாள். யாரிடம் என்று கேட்டார்கள்.

அவள் பதில் சொல்வதற்குள் தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். தமிழ் மாணவி என்பதால் என்னிடம் கேட்டிருக்கலாம். ஓட்டத்தின்போது இவளோ வேறு யாருமோ உங்களிடம் ஏதாவது சொன்னார்களா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். கலைமகள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் காலணிகளைப் பார்த்தாள். வெள்ளைக் காலணிகளின் ஓரத்தில் செம்மண் இன்னும் இருந்தது.

அந்த நேரத்தில் நான் பொய் சொன்னேனா என்று அதிகாரி கேட்டார். இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. பெட்டியைப் பற்றித்தான் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வைத்தேன் என்று ஆகிவிட்டால் என் வேலை என்ன ஆகும் என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி வந்ததும், யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்பது வாயில் தயாராக இருந்தது. அதையே மறுநாள் இந்தப் போலீஸ் நிலையத்தில் மறுபடி சொன்னேன். அன்று சித்திரை முதல் நாள்; கோவிலிலிருந்து நேராக இங்கே வந்திருந்தேன்.

ஏப்ரல் 15, புதன்கிழமை. விடைத்தாள்கள் மாவட்டத்துக்குத் திருப்பி அனுப்பப்படுவதற்கு முன் என்னிடம் இருந்தன. மறுசோதனை நடப்பதால் திருத்த வேண்டியதில்லை. ஆனாலும் கலைமகளின் தாளை எடுத்துப் பார்த்தேன். கட்டுரைக்கு மூன்று தலைப்புகள். முதல் இரண்டு ஏழாம் பக்கத்தில். மூன்றாவது எட்டாம் பக்கத்தில். முதல் தலைப்பு, வீட்டுக்கு அருகில் ஓடும் ஆற்றைப் பற்றியது. அவள் அதைப் பற்றி முதலாம் படிவத்திலிருந்தே நன்றாக எழுதுகிறவள். கோலா மூடா ஆற்று முகத்துவாரத்தில் அவளுடைய மாமாவின் படகு இருக்கிறது. அவள் மூன்றாவது தலைப்பை எழுதியிருந்தாள். பள்ளிச் சீருடை தேவையா என்ற விவாதக் கட்டுரை. ஒன்றரைப் பக்கம்தான். மூன்று இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தாள். இவ்வளவு மோசமாக அவள் எழுதி நான் பார்த்ததில்லை. ஏன் இதை எடுத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று நாள் அது விளங்காமலே இருந்தது.

ஏப்ரல் 18, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். தோட்டத்திலிருந்து பிரித்துக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. அவளுடைய தாயார் புஷ்பவள்ளி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். என்னை உள்ளே வரச் சொன்னார். விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"என்ன டீச்சர், இன்னும் ஏதாச்சும் கேக்கணுமா? எம்மவ அடுத்த வீட்டு ரம்புத்தான்கூடக் கேட்டுத்தான் பறிப்பா. அவளப் போயி மறைச்சு வச்சான்னு எழுதிட்டீங்க" என்றார்.

நான் எழுதவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதை விட்டுவிட்டுக் கலைமகளிடம், ஏன் ஆற்றைப் பற்றி எழுதாமல் சீருடையைப் பற்றி எழுதினாய் என்று கேட்டேன்.

"அது பார்த்த கேள்வி டீச்சர். பார்க்காததத்தான் எழுதணும்னு எழுதுனேன்" என்றாள்.

பார்த்ததும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று, விசாரணையில் கேட்டதையே நானும் கேட்டேன். அவள் தன் தாயாரைப் பார்த்தாள். பிறகு, "உங்ககிட்டதான் சொன்னேன் டீச்சர். மதகுகிட்ட. நீங்க பழைய தாளுன்னு சொல்லி குத்திவிட்டீங்க. அப்பறம் உங்களத் தேடுனேன், நீங்க கிளினிக் போயிட்டீங்க. படிக்கத் தெரிஞ்ச டீச்சர்கிட்டதானே குடுக்கணும்னு வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை காலையில ஆசிரியர் அறை வாசல்ல நின்னேன், நீங்க சோதனை மண்டபத்துக்குப் போயிட்டீங்க" என்றாள். இரண்டு ரப்பர் வந்ததையும் ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததையும் சொன்னாள்.

விசாரணையில் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க இல்லைன்னு சொல்லிட்டீங்களே" என்றாள்.

புஷ்பவள்ளி, "ஒங்களுக்கு ஞாபகம் வர ஒன்பது நாளு ஆவுது. அவளுக்கு இன்னும் அஞ்சு நாளுதான் இருக்கு" என்றார். கலைமகள், "அம்மா, சும்மா இரும்மா" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் என் கணவரிடம் கேட்டேன். ரப்பரைத் திருப்பிக் கொடுத்த பிள்ளையைப் பற்றி வியாழக்கிழமையே நான் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. அவர் வேண்டுமானால் வந்து சொல்வதாக இருக்கிறார். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம், மாணவி சொன்னதைக் கேட்டபின் நானாகக் கற்பனை செய்துகொண்ட நினைவு இது என்று யாராவது சொல்லலாம். எனக்கே முதலில் அந்தச் சந்தேகம் இருந்தது. ரப்பர் வளையம் அவள் சொல்வதற்கு ஒன்பது நாள் முன்பே என் வாயிலிருந்து வந்தது. அந்த வளையத்தைத் திருப்பிக் கொடுத்தவளும், தாளை நீட்டியவளும் ஒரே பிள்ளை. அந்த இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்தவை. இதில் எனக்குக் குழப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னேன். போலீசிடம் ஒன்று சொல்லிவிட்டு இப்போது வேறு சொன்னால் பள்ளிக்கும் எனக்கும் நல்லதல்ல என்றும், முடிவு வரும்வரை காத்திருக்கலாம் என்றும் சொன்னார். முடிவு எப்போது வரும் என்று கேட்டேன். ஒரு மாதம் ஆகலாம் என்றார். மறுசோதனை வியாழக்கிழமை என்று நினைவூட்டினேன். தமக்குத் தெரியும் என்றார்.

வெளியே சத்தியசீலன் நின்றுகொண்டிருந்தார். அவர்மீதும் விசாரணை நடக்கிறது. "அக்கா, நம்ம ரெண்டு பேர் கழுத்துலயும் ஏற்கெனவே கயிறு இருக்கு. நீங்களே போயி இழுக்கணுமா?" என்றார். பிறகு அவரே, "சரி சரி, போங்க. போயி சொல்லுங்க. அந்தப் பொண்ணு நாலு கிலோமீட்டர் ஓடி முடிச்சுது, நம்மளால இது முடியாதா" என்றார்.

இன்று பள்ளி முடிந்ததும் நேராக இங்கே வந்தேன்.

இதன் பிறகு அதிகாரி என்னிடம் சில கேள்விகள் கேட்டார். தாள்களைப் பெட்டியில் வைத்தது நான்தானா என்று கேட்டார். ஆம், நான்தான், எந்தப் பெட்டி என்பது தெரியாது. எண் எழுத எடுத்துக்கொள்ள அனுமதித்தது நான்தானா என்று கேட்டார். ஆம். படத்தை எடுத்ததும் பரப்பியதும் யார் என்று கேட்டார். தெரியாது. கலைமகள் அதைச் செய்திருக்க முடியாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியுமா என்று கேட்டார். டியூஷனில் நான் இல்லை. அதனால் அதற்குச் சத்தியம் செய்ய முடியாது. அவள் மறைக்கவில்லை என்பதற்குச் செய்ய முடியும். பார்த்த நிமிடமே சொல்ல வேண்டியவரிடம் சொன்னாள். கேட்க வேண்டியவள் கேட்கவில்லை.

இந்த வாக்குமூலத்தால் விசாரணை என்மீது திரும்பக்கூடும் என்பதும், முதல் வாக்குமூலத்தில் தவறான தகவல் கொடுத்ததற்காக நான் தனியாகப் பதில் சொல்ல நேரிடலாம் என்பதும் எனக்கு விளக்கப்பட்டன. விளங்கிக்கொண்டேன். வழக்கறிஞரைக் கலந்து பேசிவிட்டு நாளை வர விரும்புகிறேனா என்றும் கேட்டார். நாளை செவ்வாய். புதன்கிழமை மதியம் மறுசோதனைப் பட்டியல் மூடப்படுகிறது. இன்றே பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

வாக்குமூலத்தின் படியைப் பள்ளிக்கு அனுப்ப இயலாது என்று அதிகாரி சொன்னார். ஆனால் நான் சொன்னதை நானே பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் எழுத்தில் கொடுப்பதற்குத் தடையில்லை என்றார். கடிதம் இரண்டு படிகள் என் பையில் இருக்கின்றன. மாவட்ட அலுவலகம் நாளை காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஒரு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக ஏதாவது சேர்க்க வேண்டுமா, வெயில், பையனின் வாந்தி, கூட்டம் ஆகியவற்றைக் காரணமாகத் தனியே எழுத வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். அவை நடந்தவை என்பதால் நடந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன், அது போதும்.

இவை அனைத்தும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. நானும் ஒருமுறை கண்ணாடி அணிந்து வாசித்தேன். யாருடைய மிரட்டலும் வாக்குறுதியும் இல்லாமல் சொன்னேன். தெரியாதவற்றைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். தெரிந்தது ஒன்றுதான்: ஏப்ரல் 9 காலை மூன்றாவது சாவடியில் மாணவி கலைமகள் தாளை என்னிடம் காட்டிச் சொன்னாள், நான் அவளை ஓடச் சொன்னேன். இது உண்மை.

(ஒப்பம்)
அ. குணசுந்தரி
முடிந்த நேரம்: மாலை 5.25